சினிமாவுக்கு வெளியே பாடிய ஆறு தட்டுகள்

இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தின இழை இல்லைங்க. ஒரு நாள் அதுக்கு லீவு.

போன வாரம் போட்ட ஒரு படத்தோட ஓரத்தில் என் ரெக்கார்டு பிளேயர் தெரிஞ்சிருக்கு. அதில் எழுதின மாத்திரையைப் பத்திக் கேட்டவங்களை விட, "டாக்டர், அந்தத் தட்டெல்லாம் எங்க புடிச்சீங்க, என்ன பாட்டு இருக்கு"ன்னு கேட்டவங்கதான் அதிகம். கேட்டதுக்குப் பதில் சொல்லணுமில்ல? நீளமான இழைதான். டீ வெச்சுக்கிட்டு உக்காருங்க.

என்கிட்ட இருக்கிறது அறுபத்துச் சொச்சம் சின்னத் தட்டுகள். பெரும்பாலும் 7 அங்குலம், 45 ஆர்பிஎம். அதாவது ஒரு நிமிஷத்துக்கு 45 சுத்து. நம்ம ஊர்ல இதை இபி என்போம். ஒரு பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு பாட்டு, மொத்தமே நாலு பாட்டுக்குள்ள முடிஞ்சிடும். 1949இல் அமெரிக்காவில் ஆர்சிஏ விக்டர் கம்பெனி கொண்டு வந்த அளவு இது. கூடவே அதுக்கும் மூத்த தலைமுறை, 10 அங்குல 78 தட்டுகள் கொஞ்சம்.

மேல்நாட்டுல 'இண்டி' ரெக்கார்டுன்னா பெரிய கம்பெனியைச் சேராம சின்னக் கம்பெனி போட்ட தட்டு. நம்ம ஊருக்கு அந்த அளவுகோல் சரிப்படாது. இங்கே ரொம்ப காலம் தட்டு அச்சடிச்சதே பெரும்பாலும் ஒரே பெரிய கம்பெனிதான். அதனால தமிழ்ல எது இண்டின்னு கேட்டா, நான் சொல்றது இதுதான்: சினிமாவில் வராத பாட்டு. ஹீரோ இல்லை, கதை இல்லை, போஸ்டர் இல்லை. பாட்டு தன் காலிலேயே நின்னு ஊர் ஊராப் போயிருக்கணும். அப்படிப் போனதுல எனக்குப் புடிச்ச ஆறு தட்டை இன்னைக்குச் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, இது எனக்கு எப்படிக் கிடைச்சதுன்னு சொல்லணும். ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு.

கொஞ்ச நாள் முன்னாடி ஓபிக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுபது தாண்டினவர். "சத்தம் கேக்குதுங்க டாக்டரே. சொல்லுத்தான் வெளங்கறதில்லீங்க" என்றார்.

இந்த ஒரு வரியை எந்த டாக்டர் கேட்டாலும் காது நரம்பைத்தான் முதலில் யோசிப்பார். 'ங்', 'ம்' மாதிரி அடிக்குரல் சத்தம் கேட்கும். க, ச, த, ப மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுற மேல்ஸ்தாயி சத்தம் கேட்காது. அப்போ பட்டு, கட்டு, தட்டு மூணும் ஒரே மாதிரி கேட்கும். அதனாலதான் "கேக்குது, ஆனா வெளங்கல".

ஆடியோகிராமுக்கு அனுப்பினோம். 4000 ஹெர்ட்ஸ் கிட்ட கோடு குழி மாதிரி கீழே இறங்கியிருந்தது. வயசும் சேர்ந்திருக்கும், ஆனா அந்தக் குழி பெரும்பாலும் பேரிரைச்சலில் வருஷக்கணக்காக இருந்தவங்க காதில் வர்றது.

"என்ன தொழில் பண்ணிட்டிருந்தீங்க ஐயா?"

"மைக் செட்டுங்க. நாப்பது வருசம்."

ஊருக்கே பாட்டு கேட்க வெச்ச மனுஷர். ஜெனரேட்டருக்கும் ஹார்னுக்கும் நடுவுல நாப்பது வருஷம் நோம்பி பார்த்தவர்.

அடுத்த தடவை வந்தப்போ, வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையத் தட்டு இருக்குன்னும், மகன் பழைய இரும்புக்காரருக்குப் போடச் சொல்றார்னும் சொன்னார். "பிளாஸ்டிக்கு விலை கூடத் தேறாதுன்னுட்டானுங்க. நீங்க வேணா பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். சும்மா வாங்கக் கூடாதுன்னு ஒரு தொகையைக் கையில் கொடுத்துட்டு எடுத்துட்டு வந்தேன். இதுதான் என் கலெக்‌ஷனின் கதை. இனி தட்டுகள்.

முதல் தட்டு: நாகூர் ஈ.எம். ஹனிபா

1925இல் பிறந்து 2015இல் மறைந்தவர். சினிமாவில் பாடினது விரல் விட்டு எண்ணுற அளவுதான். ஆனா தமிழ்நாட்டில் அந்தக் குரல் தெரியாத தெரு கிடையாது. ஒரு பக்கம் இஸ்லாமியப் பாடல்கள், இன்னொரு பக்கம் திமுக மேடைப் பாடல்கள். ரெண்டுக்கும் சினிமா தயவு தேவைப்படல. மைக் செட்டும் மேடையும் போதுமானதா இருந்தது.

என் தட்டில் 'இறைவனிடம் கையேந்துங்கள்' இருக்கு. ஹனிபா குரலைக் கவனிச்சீங்கன்னா, மைக்குக்கு முன்னாடி நின்னு பாடுற குரல் இல்லை அது. மைக்கே இல்லாட்டியும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ற குரல். ஹார்ன் ஸ்பீக்கர் எப்பவும் அடிநாதத்தை விழுங்கி நடுக்குரலை மட்டும் தூக்கித் துப்பும். பல பாடகர்கள் அதில் கரகரன்னு ஆகிடுவாங்க. ஹனிபா குரல் அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

பெரியவர்கிட்ட, "இதை எங்கெல்லாம் போடுவீங்க?"ன்னு கேட்டேன். "எல்லாப் பக்கமும் போடுவனுங்க. மாரியாத்தா நோம்பில கூட விடியால ஒருக்கா போட்டிருக்கறேன். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லீங்க." அவ்வளவுதான் சொன்னார். நானும் மேல கேட்கல.

ரெண்டாவது தட்டு: எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு

மாரியம்மன் நோம்பின்னா எங்க பக்கம் முதலில் கம்பம் நடுவாங்க, அப்புறம் இந்தக் குரல் வரும். இங்கே அந்தியூர் பத்ரகாளியம்மனுக்குப் பங்குனியில் குண்டம். இந்தப் பாட்டு இல்லாத குண்டத்தை எங்க தலைமுறை பார்த்ததில்லை.

ஈஸ்வரியம்மா பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில். முழுப்பேர் லூர்து மேரி ராஜேஸ்வரி. 1961இல் வந்த 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டால் ஊரறிஞ்சவர். அப்புறம் சினிமா அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் கிளப் டான்ஸ் பாட்டுகள். அதே தொண்டையைத்தான் அம்மன் பாட்டுக்கும் கொண்டு வந்தார், ஒரு துளி கூடக் குறைக்காம. மெதுவா, பவ்யமா, கைகட்டிப் பாடுற பக்தி இல்லை இது. சாமி வர்ற பக்தி. உடுக்கையும் பம்பையும் அடிக்கிற இடத்தில் எப்படிப் பாடணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

இந்தத் தட்டு என் பெட்டியிலேயே அதிகம் தேஞ்சது. வெளிச்சத்தில் சாய்ச்சுப் பிடிச்சா கறுப்பு போய் சாம்பல் பூத்திருக்கும். கனமான ஊசி வருஷா வருஷம் உழுத தடம். கேட்கும்போது பாட்டுக்கு அடியில் வறுகடலை பொரியுற சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். சுத்தமான பிரதி இணையத்தில் கிடைக்கும். இருந்தாலும் நான் இதைத்தான் கேட்கிறேன். எத்தனை நோம்பி இந்தத் தடத்தில் ஓடியிருக்குன்னு அந்தப் பொரியல் சத்தம் சொல்லுது.

மூணாவது தட்டு: டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டு

டி.எம். சௌந்தரராஜனை எம்ஜிஆர், சிவாஜி குரலாத்தான் நமக்குத் தெரியும். அவர் சினிமாவுக்கு வெளியே பாடின முருகன் பாட்டுகள் தனிப் பெட்டிக்கு ஆகும். அதில் 'உள்ளம் உருகுதையா'வுக்கு ஒரு கதை சொல்வாங்க. பழனியில் தங்கியிருந்தப்போ அங்கே வேலை செஞ்ச ஒரு முஸ்லிம் பையன் இதை முணுமுணுக்கக் கேட்டு, டி.எம்.எஸ். எழுதி வாங்கிக்கிட்டாராம். யார் எழுதினதுன்னு தெரியாமலேயே பல காலம் பாடியிருக்கார். எழுதினது ஆண்டவன் பிச்சைங்கிற பேரில் பாடல் எழுதின மரகதம் என்ற அம்மையார்னு பிற்பாடுதான் தெரிஞ்சதாம்.

இதை ஏன் சொல்றேன்னா, பாட்டு பிழைச்சுக்கும், எழுதினவங்க பேர் பிழைக்கிறது கஷ்டம். சினிமாப் பாட்டுன்னா டைட்டில் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. சினிமாவுக்கு வெளியே போன பாட்டுக்கு ஒரே அடையாள அட்டை, தட்டு நடுவில் ஒட்டின அந்த வட்டக் காகிதம்தான். அது போச்சுன்னா ஆள் போச்சு. இந்த வரியை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க. ஆறாவது தட்டுக்கு வேணும்.

நாலாவது தட்டு: சிலோன் பாப்

இதுதான் நிஜமாவே இண்டி. 1960களின் கடைசி, 70களில் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் கிட்டாரும் பைலா தாளமும் வெச்சுக்கிட்டு தமிழ்ல பாப் பாட ஆரம்பிச்சாங்க. அதில் முன்னோடி நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே' அவர் பாட்டுதான். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அப்படியே பாட்டில் வெச்சார். மெட்ராஸ் சினிமாத் தமிழ் மாதிரி யாரும் வேஷம் போடல.

கள்ளுக்கடைப் பக்கம் போகாதேன்னு அவர் ஒரு பாட்டு பாடியிருக்கார். ஆட வைக்கிற தாளத்தில் குடிக்காதேன்னு சொல்ற பாட்டு. தினமும் ஓபியில் கல்லீரல் வீங்கின முப்பது வயசுக்காரங்களைப் பார்த்து நான் பேசுற அரை மணி நேரப் பேச்சை, அவர் மூணு நிமிஷத்தில் சொல்லியிருக்கார். பொறாமையா இருக்கு.

அடுத்தவர் ஏ.இ. மனோகரன். நம்ம ஊருக்கு சிலோன் மனோகர். 'சுராங்கனி'யை இலங்கையிலிருந்து தமிழ்நாட்டு மூலை முடுக்கெல்லாம் கொண்டு வந்தவர். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையிலும் ஒரு சுராங்கனி வந்தது. அதாவது வெளியே பொறந்த பாட்டு சினிமாவுக்குள்ள போச்சு. வழக்கமா நடக்கிறதுக்கு நேர் எதிர். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இந்தத் தட்டு பெரியவர் பெட்டியில் எப்படி வந்ததுன்னு கேட்டேன். "சிலோன் ரேடியோல கேட்டுப்போட்டு சனம் வந்து கேக்குமுங்க. கேட்டதப் போடலீன்னா அடுத்த நோம்பிக்கு வேற செட்டு சொல்லிப்போடுவாங்க." இன்னைக்குச் செயலி செய்யற வேலையை, அன்னைக்கு அந்தியூர்ல ஒரு மனுஷர் கையில் பெட்டியோட சைக்கிளில் போய்ச் செஞ்சிருக்கார்.

அஞ்சாவது தட்டு: கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்

இது 78. எங்க ஈரோடு மாவட்டத்துப் பெருமை. 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்து நடிச்சு, அவரையே மணந்தவர். 1933இல் கிட்டப்பா முப்பது வயசைத் தொடாமலேயே போயிட்டார். அப்போ சுந்தராம்பாளுக்கு 25. அன்னையிலிருந்து வெள்ளைப் புடவைதான். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு நடிச்சது எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடியே ஊர் ஊரா அவரைக் கொண்டு போனது நாடகமும் இந்தத் தட்டுகளும்தான்.

அந்தக் காலத்தில் தட்டு வியாபாரம் எவ்வளவு பெரிசுன்னா, காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் 1932இல் மெட்ராஸில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பிச்சு, ஓடியன் கம்பெனியோடு ஏற்பாடு செஞ்சு தட்டுகள் போட்டார். அந்த வியாபாரத்திலிருந்து வந்தவர்தான் பின்னாளில் ஏவிஎம் ஸ்டூடியோ கட்டினார். தமிழ்ல பாட்டு வியாபாரம் சினிமாவுக்குப் பொறந்ததுன்னு நினைக்கிறோம். இந்த வீட்டுக் கதையில் சினிமாதான் பாட்டு வியாபாரத்துக்குப் பொறந்திருக்கு.

இந்த இடத்தில் ஒரு சின்ன மருத்துவக் குறிப்பு, பழக்க தோஷம்.

78 தட்டில் முக்கியமான சரக்கு அரக்கு. அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின். அதே அரக்கைச் சுத்தம் பண்ணித்தான் சில மாத்திரைகளுக்கு மேல்பூச்சாவும் போடுறாங்க. 45 தட்டு வினைல். நீங்க ஆஸ்பத்திரியில் பார்க்கிற டிரிப்ஸ் டியூப், ரத்தப் பை எல்லாம் செய்யற பிவிசி குடும்பத்தைச் சேர்ந்த பொருள். ஒண்ணு வளையும், ஒண்ணு வளையாது, அவ்வளவுதான். என் வேலையும் என் பொழுதுபோக்கும் ஒரே சரக்கில் ஓடுது.

ஆறாவது தட்டு: பேர் தெரியல

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

45 தட்டு. நடுக்காகிதம் ரெண்டு பக்கமும் இல்லை. பாச்சையோ கரையானோ முழுசாத் தின்னுட்டுது. பாடுறது ஒரு பெண் குரல், கூட நாதஸ்வரமும் தவிலும். அம்மன் பாட்டுன்னு தெரியுது. பிரபலமான குரல் எதுவும் இல்லை. பாட்டின் வார்த்தைகளைப் போட்டுத் தேடினேன், கிடைக்கல. ஃபோனில் பாட்டு கண்டுபிடிக்கிற செயலிக்குக் காட்டினேன், அதுக்கும் தெரியல. பாட்டு முடிஞ்சு நடுக்காகிதத்துக்கு முன்னாடி வர்ற வழுவழு வளையத்தில் சுரண்டின மாதிரி ஒரு எண் மட்டும் இருக்கு. ஒவ்வொரு தட்டிலும் அச்சு எண்ணுன்னு ஒண்ணு அங்கே இருக்கும். பழைய கேட்டலாக் வெச்சிருக்கிறவர் கிடைச்சா, அந்த எண்ணை வெச்சு ஆளைப் பிடிச்சிடலாம்.

தட்டை எடுத்துக்கிட்டுப் பெரியவர் வீட்டுக்கே போனேன். பிளேயரை வெச்சுப் போட்டேன். சத்தம் கூட்டினேன். தலையைச் சாய்ச்சுக் கேட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "தவுலு கேக்குதுங்க. பாடறது ஆம்பளையா பொம்பளையா?" என்றார்.

நான் ஆடியோகிராமில் பார்த்த குழியை அன்னைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

பிளேயரை நிறுத்தச் சொன்னார். தட்டைக் கையில் வாங்கினார். விரல் தடத்தில் படாம, ஓரத்தில் மட்டும் ரெண்டு உள்ளங்கையாலும் பிடிச்சு, வாசல் வெளிச்சத்துக்குச் சாய்ச்சார். தட்டின் தடங்களை அப்படிப் பார்த்தா, சத்தமான இடம் ஒரு மாதிரி மின்னும், அமைதியான இடம் வேற மாதிரி இருட்டாத் தெரியும். பழகின கண்ணுக்கு அது எழுத்து மாதிரி.

"இது ரெண்டாவது பக்கமுங்க. இந்தா, இந்த எடத்துல தவுலு நிக்கும். அந்தம்மா மட்டும் தனியாப் பாடும். அப்பறம் இங்க மறுக்காச் சேரும்."

திரும்பப் போட்டுப் பார்த்தேன். தவில் நின்னது. அந்த அம்மா தனியாப் பாடினார். அவர் காட்டின இடத்தில் மறுபடி சேர்ந்தது. அவருக்கு அது கேட்கல. என் முகத்தைப் பார்த்துச் சரியா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டார்.

பாடினவங்க பேர் அவருக்கும் தெரியல. ஈரோட்டில் ஒரு கடையில் வாங்கினது மட்டும் ஞாபகம். ஆனா வேற ஒண்ணு சொன்னார். "இதப் பொழுது சாய மட்டுந்தானுங்க போடுவேன். காட்டுல இருக்கற பொம்பளைங்களுக்கு இதுதான் மணி. இது கேட்டா, பொங்கலுக்குப் பானை எடுத்து வெக்கோணும்னு அர்த்தம். ஒரு வருசம் இது போடாம உட்டுட்டேன்னு எங்க ஆத்தா என்னைய என்ன பேச்சுப் பேசினாங்க தெரியுங்களா."

யோசிச்சுப் பாருங்க. பாடினது யார்ங்கிற தகவல் ஒரு கேட்டலாக்கில் என்னைக்காவது கிடைக்கலாம். ஆனா இந்தப் பாட்டு ஒரு ஊருக்கு மணியா இருந்ததுங்கிற தகவல் எந்தக் கேட்டலாக்கிலும் இல்லை. அது ஒரே ஒரு மனுஷர்கிட்டதான் இருக்கு. அவருக்கு எழுபது தாண்டிடுச்சு.

தட்டில் ஏறாத பாட்டுகளுக்கும் இதே கதைதான். எங்க கொங்குச் சீமையின் பெரிய கதை அண்ணன்மார் கதை. உடுக்கை அடிச்சு இரவு இரவாப் பாடுறது. மூணு நிமிஷத் தட்டில் அது எப்படி ஏறும்? 1965இல் பிரெண்டா பெக்ங்கிற கனடாக்கார ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, டேப்பில் பதிஞ்சதாலதான் அந்தப் பாடல் வடிவம் ஒண்ணு முழுசா நமக்கு இருக்கு. யாரோ ஒருத்தர் பக்கத்தில் உக்காந்து கேட்டாத்தான் மிச்சம்.

அதனால உங்ககிட்ட மூணு வேண்டுகோள்.

ஒண்ணு: தட்டைக் காப்பாத்துங்க.

பரணில் தட்டு இருந்தா எடைக்குப் போடாதீங்க, சுவர்க் கடிகாரம் செய்யாதீங்க. புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க. படுக்க வெச்சு அடுக்கினா அடியில் இருக்கிறது போச்சு. சிமெண்டு ஷீட்டுக்கு அடியில் வெச்சா சித்திரை வெயிலுக்கு அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும்.

78 தட்டை ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பாட்டோட சேர்த்துத் துடைச்சு எடுத்துடுவீங்க. மெத்துன்னு ஒரு துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைச்சுப் பிழிஞ்சு, தடம் போற வாக்கில் வட்டமாத் துடைங்க. நடுக்காகிதத்தில் ஈரம் படக் கூடாது.

78க்கும் 45க்கும் ஒரே ஊசி ஆகாது. 78 தடம் கிட்டத்தட்ட மூணு மடங்கு அகலம். பழைய கிராமபோனின் இரும்பு ஊசியில் வினைல் தட்டை வெச்சா, அதுதான் அந்தத் தட்டின் கடைசிப் பாட்டு.

நடுக்காகிதத்தை ரெண்டு பக்கமும் இன்னைக்கே படம் எடுத்து வைங்க. அச்சு எண்ணையும் சேர்த்து. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் புத்தகங்களோடு இசைத்தட்டுகளும் பாதுகாத்து வெச்சிருக்காங்க. அரிதான தட்டுன்னு தோணினா அவங்களைக் கேளுங்க.

ரெண்டு: போட்டவங்களைக் கேளுங்க.

உங்க ஊர்ல பழைய மைக் செட்டுக்காரர் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். போய்ப் பக்கத்தில் உக்காந்து ஃபோனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிட்டு, ரெண்டே கேள்வி கேளுங்க. முதல் பாட்டா எதைப் போடுவீங்க? எந்தப் பாட்டை எந்த நேரத்துக்குப் போடுவீங்க? மீதியை அவரே சொல்வார். சத்தமாக் கேளுங்க, முகத்தைப் பார்த்துக் கேளுங்க. ஏன்னா அவருக்கும் காது கொஞ்சம் மந்தமா இருக்க வாய்ப்பிருக்கு.

மூணு: காதைக் காப்பாத்துங்க.

டாக்டர் இதைச் சொல்லாமப் போவேனா?

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும்தான் காது தாங்கும்னு கணக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் குறையும். 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். ஹார்ன் பக்கத்திலும் டிஜே பாக்ஸ் பக்கத்திலும் இந்த 100ஐச் சாதாரணமாத் தாண்டும். உள்காதில் இருக்கிற மயிரணுக்கள் செத்தா மறுபடி முளைக்காது. மாத்திரை கிடையாது, சொட்டு மருந்து கிடையாது.

மைக் செட், டிஜே, ஜெனரேட்டர், விசைத்தறி, மரமில் வேலையில் இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை காது டெஸ்ட் பண்ணிக்கோங்க. வேலையில் காதடைப்பான் போடுங்க. விலை ரொம்பக் கம்மி. நோம்பியில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் நிக்காதீங்க. ஏற்கனவே காது போயிருந்தா, "வயசானா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமா காது கேட்கும் கருவி இலவசமாக் கிடைக்க வழி இருக்கு. பக்கத்து அரசு மருத்துவமனையில் கேளுங்க.

பெரியவருக்கும் விண்ணப்பம் போட்டிருக்கோம். கருவி வந்தா, போன காது அப்படியே திரும்பி வராது, அதை அவர்கிட்ட மறைக்காமச் சொல்லியிருக்கேன். "பேரப்புள்ள பேசறது வெளங்கினாப் போதுமுங்க. பாட்டுத்தான் எனக்குத் தெரியுமே" என்றார்.

ஆறாவது தட்டின் அச்சு எண்ணும் பாட்டின் முப்பது விநாடியும் அடுத்த இழையில் போடுறேன். ஆடி மாசம் எங்க குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு வர்றவங்க, வயசான அம்மாக்கள் யாராவது கூட இருந்தா அதைப் போட்டுக் காட்டுங்க. யாராவது ஒருத்தர் "அட, இது அந்தப் பாட்டல்ல"ன்னு சொன்னா, உடனே எனக்கு எழுதுங்க.



அந்தியூரிலிருந்து,
உங்கள் அரசு மருத்துவர்